சத்தமில்லாத கொம்பியூட்டர்

எங்கள் பக்கத்தில் எந்த மெஷினையும் அதன் சத்தத்தை வைத்துத்தான் மதிப்பார்கள். தண்ணீர்ப் பம்பு மூன்று வயல் தள்ளிக் கேட்டால் அது நல்ல பம்பு. நெல் மில் ஓடும்போது பக்கத்து வீட்டுச் சுவரில் கலண்டர் ஆடினால் மில்காரர் பெரிய மனிதர். மோட்டார் சைக்கிள் வாங்குகிறவன் முதல் வேலையாக சைலன்சரைக் கழற்றிவிட்டு, கல்முனை கடைத்தெருவில் இரண்டு தரம் மேலும் கீழும் போய் வருவான். இப்படிப்பட்ட ஊரில், தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு பெண் கடைக்குப் போய் சத்தமில்லாத கொம்பியூட்டர் வேண்டும் என்று கேட்டாள். அந்தப் பைத்தியக்காரி நான்தான்.

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. எங்களில் பெண்ணுக்கு வீடு கட்டி, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை எடுப்பது வழக்கம். வாப்பா எனக்கும் வீடு கட்டினார். வீடு முடிந்தது, மாப்பிள்ளை அமையவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வீட்டைத்தான் பார்த்தார்கள். சமைக்கிற குசினிக்கு ஏன் இன்னும் சீலிங் அடிக்கவில்லை என்று கேட்டுவிட்டு, பலகாரத்தைத் தின்றுவிட்டுப் போனார்கள். போனது நல்லதுதான். உம்மா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அந்த வீட்டில் வாப்பாவும் நானும் மட்டுமே இருந்தோம்.

வாப்பா வயல் செய்தவர் என்று சொல்வார்கள். ஆனால் அவருடைய உண்மையான தொழில் கதைப்பது. நற்பிட்டிமுனைப் பக்கம் இருந்த வயலுக்கு சைக்கிளில் போனால் வழியில் நாலு இடத்தில் இறங்குவார். தேத்தண்ணிக் கடையில் அவர் வாயைத் திறந்தால் குடித்து முடித்தவனும் எழும்பமாட்டான். வீட்டுக்கு வந்தும் நிற்காது. வாய்க்காலில் எவன் மடையை உடைத்தான், எந்த முதலாளியின் மருமகன் யாரோடு கோபம், எல்லாவற்றையும் எனக்கு மறுபடி சொல்வார். "கொஞ்சம் வாய மூடுங்க வாப்பா, தல இடிக்கிது" என்று நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் பாரிசவாதம் வந்து அவருடைய வலப் பக்கத்தையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது மூச்சோடு மூச்சாக வரும் ஒன்றிரண்டு சொல். தண்ணி என்பார். வலி என்பார். அடிக்கடி "கத" என்பார், அதற்கு மேல் இழுத்து நின்றுவிடும். முதல் இரண்டு கிழமை, பதினாலு நாளும், ஊரே வந்து பார்த்தது. கட்டிலைச் சுற்றி நின்று, அவருக்குக் காது கேட்காது என்ற நினைப்பில், இன்னும் எத்தனை நாள் தாங்குவார் என்று கணக்குப் பார்த்தது. பிறகு ஒருவரையும் காணோம். அவர் கதையைக் கேட்பதற்காகத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்த ஆட்களுக்கு, கதைக்காத மனிதனோடு கால் மணி நேரம் உட்காரப் பொறுமையில்லை. அவர்களை நான் மனதால் ஏசாத நாள் கிடையாது.

நான் காலையில் போய் மாலையில் வரும் கந்தோர் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து வினாத்தாள் அடித்துக் கொடுக்கத் தொடங்கினேன். டியூஷன் மாஸ்டர்மார் கையால் எழுதித் தருவார்கள், நான் டைப் பண்ணிக் கொடுப்பேன். வீட்டின் முன்னறையில் வாப்பாவின் கட்டில் கிடந்தது. அதே அறையில் ஜன்னலோரம் என் மேசை. அவருக்கு முதுகு காட்டித்தான் இருப்பேன், வெளிச்சம் அந்தப் பக்கம். "கத" என்று கேட்டால் எழும்பிப் போய்க் கதவைப் பார்ப்பேன். வாசல் கதவு கட்டிலுக்கு நேரே இருந்தது. வெயில் முகத்தில் விழுந்தால் சாத்துவேன், புழுங்கினால் திறப்பேன். பாதிச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் பாஷையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆனால் டைப்ரைட்டர் ஓடும்போது அவர் சத்தம் கேட்காது. ஒரு நாள் பகல் ஒரு மாஸ்டரின் அவசர வேலை. தாளை மாற்றத் திரும்பியபோது வாப்பா கட்டிலின் விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. உடுத்த சாரம் நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாரோ தெரியாது. கண்ணீர் காது வரைக்கும் போய்க் காய்ந்திருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த வெறுப்பு முழுவதும் அந்த டைப்ரைட்டர் மேலே போனது. கொம்பியூட்டர் என்றால் தட்டினால் கேட்காது, அழுத்தினால் போதும் என்று சொன்னார்கள். மாஸ்டர்மாரும் அதில் அடித்த வினாத்தாள்தான் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். கையில் சேர்த்து வைத்திருந்த கொஞ்சக் காசுக்கு, வாப்பாவின் மூச்சைவிடக் குறைவாகச் சத்தம் போடும் ஒன்றை வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

அந்தக் காலத்தில் கொம்பியூட்டர் பார்க்க வேண்டுமென்றால் வகுப்புக்குத்தான் போக வேண்டும். ஏசி போட்ட அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே கொம்பியூட்டர்களுக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போர்த்தியிருந்தார்கள். சொல்லிக் கொடுத்தவர் உறையை எடுக்கும்போது பிஸ்மி சொல்லி எடுத்தார், அதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரிந்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இதில் எது சத்தம் போடுகிறது என்று கேட்டேன். "கொம்பியூட்டர்தான்" என்றார். குனிந்து காதை வைத்து நானே பார்த்தேன்.

மூன்று இடத்திலிருந்து சத்தம் வந்தது. கரண்ட் வரும் பெட்டிக்குள் ஒரு காற்றாடி. நடுவே இருக்கும் மூளை போன்ற சில்லுக்கு மேலே இன்னொரு சின்னக் காற்றாடி, அதுதான் கொசு மாதிரிக் காதுக்குள் நின்றது. மூன்றாவது, எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் டிஸ்க் சுற்றும் இரைச்சல். கொழும்பிலிருந்து வந்த ஒரு பழைய சஞ்சிகையை இரவல் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தேன். வேகம் கூடிய சில்லுத்தான் சூடாகிறது, சூடானதால்தான் அதற்குக் காற்றாடி வேண்டும். இரண்டு வருடம் பழைய, வேகம் குறைந்த சில்லை எடுத்தால் மேலே ஒரு பெரிய அலுமினியக் கட்டியை வைத்தால் போதும். அது விலையும் குறைவு. நான் வினாத்தாள் அடிப்பவள். "கீழ்வருவனவற்றுள் சரியானதைத் தெரிவுசெய்க" என்று அடிப்பதற்குப் பறக்கும் சில்லு எதற்கு? மலிவானது அமைதியாகவும் இருக்கும் என்ற செய்தி உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது போல ஒரு மமதையோடு பட்டியல் எழுதினேன். பழைய சில்லு, காற்றாடி இல்லாமல். சின்ன டிஸ்க். தட்டினால் மெத்தென்ற கீபோட். பிரிண்டர் வேண்டாம், அது டைப்ரைட்டருக்குத் தம்பி. பிளொப்பியில் ஏற்றிக் கொண்டுபோய் டவுனில் அச்சடித்துக்கொள்ளலாம். பட்டியலின் தலையில் "சத்தம் இருக்கக் கூடாது" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

என் காக்கா, எனக்கு மூத்த ஒரே அண்ணன், கலியாணம் முடித்துச் சம்மாந்துறையில் பெண் வீட்டில் இருந்தார். எங்கள் ஆண்பிள்ளைகள் கலியாணத்தோடு உடுப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதிகாரத்தை மட்டும் தாய் வீட்டில் விட்டு வைப்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருவார், வாப்பாவின் காலைத் தொட்டுப் பார்ப்பார், சாப்பிடுவார், கருத்துச் சொல்வார். பட்டியலைப் பார்த்துவிட்டு, "பழசா? எங்கட மானம் என்னத்துக்காகிற? வாங்கினா ஆக உசந்தது வாங்கு" என்றார். காசு தருவாரா என்று கேட்டேன். பசிக்கிறது என்றார்.

எங்களுக்கு வாய்த்த கடை, பிரதான வீதியில் தண்ணீர்ப் பம்பும் வயலுக்கு மருந்தடிக்கும் மெஷினும் விற்ற கடை. முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் சொல்வார்கள். வாப்பாவும் பம்பு வாங்கியது அங்கேதான். அந்த வருடம் கடைப் பலகையில் பம்புக்குக் கீழே கொம்பியூட்டர் என்றும் எழுதியிருந்தார். இரண்டையும் ஒரே மாதிரித்தான் விற்றார்.

"ஒண்டுக்கும் யோசிக்காதீங்க தங்கச்சி. ஆகப் பவர் கூடினதாப் போட்டுத் தாறன். ஸ்டார்ட் பண்ணினா ரோட்டுக்குக் கேக்கும்."

"ரோட்டுக்குக் கேக்கப்படா ஹாஜியார். சத்தமே இரிக்கப்படா. அதுதான் முக்கியம். வாப்பா படுக்கையில கிடக்கிறாரு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தாடியைத் தடவினார். கண் கலங்கியது. "மாஷா அல்லாஹ்" என்றார். "இந்தக் காலத்தில இப்பிடி ஒரு பொம்புளப்புள்ள."

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு பம்பு வியாபாரி சத்தமில்லாத மெஷினைக் கேட்டுக் கண் கலங்குவானா? ஆனால் பாராட்டு என்று வந்தால் எனக்கும் புத்தி மங்கிவிடும்.

மூன்று கிழமை கழித்து, கொழும்பு பஸ்ஸில் சாமான் வந்து சேர்ந்தது. வழியில் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு பெட்டியையும் அவிழ்த்துக் காட்டியதாக ஹாஜியார் பெரிய கதை சொன்னார். தானே வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, தானே மேசையில் வைத்து வயரெல்லாம் பூட்டினார். சுவிட்சைப் போட்டார். முன்னறை முழுவதும் மில் ஓடுவது போல இரைந்தது. வாப்பா கண்ணை விழித்தார்.

"என்ன ஹாஜியார் இது? சத்தமே இரிக்கப்படா எண்டல்லவா சொன்னன்?"

"ஓம், ஓம். அதத்தான் செஞ்சிரிக்கன்." அவர் முகத்தில் அவ்வளவு சந்தோசம். "ரெண்டு ஸ்பீக்கரையும் எடுத்திட்டன். உள்ளுக்க சவுண்ட் காட் எண்டு ஒண்டு இரிக்கி, அதையும் கழட்டிட்டன். இனிப் பாட்டு, படம், ஒரு சைத்தானும் இதுக்குள்ளால வராது. நோயாளி கிடக்கிற வீடு, ஓதுற சத்தம் மட்டும் கேக்கட்டும்."

நான் காற்றாடியைக் காட்டினேன். அப்போ இது என்ன?

"இதா?" அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "அது சத்தமில்ல தங்கச்சி. அது காத்து."

பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் நான் எழுதிய பழைய சில்லும் இல்லை. அதைவிட உசந்ததை, தலையில் காற்றாடியோடு, அதே விலைக்குப் போட்டிருந்தார். எனக்கு உதவி செய்தாராம். சொல்லச் சொல்ல அவருக்கு விளங்கவில்லை. சத்தம் என்ற சொல் அவர் காதில் பாட்டு என்று விழுந்திருந்தது, விழுந்ததை எடுத்து அவர் சந்தோசமாகப் பூட்டிக் கொடுத்துவிட்டார். ஒரு சொல்லை முழுசாகக் கேட்கத் தெரியாதவனெல்லாம் கடை வைத்திருக்கிறான் என்று அன்றைக்கு முழுவதும் குமுறினேன்.

அதைவிடக் கேவலம் பிறகுதான். பாட்டு வராத கொம்பியூட்டர் கேட்ட பெண் என்று ஹாஜியார் என் புகழை ஊரெல்லாம் பரப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை வந்த காக்கா, வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தார். பின்தெருப் பெண்கள் தங்கள் மகள்மாருக்கு என்னை உதாரணம் காட்டினார்கள். இரண்டு பிள்ளைகளோடு மனைவியை இழந்த ஒருவர், இப்படி ஒரு பக்குவமான பெண்தான் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். குசினிக்கு சீலிங் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். மறுபடி ஆள் வரவில்லை.

பக்குவமான பெண் காற்றாடி இரைச்சலுக்குள் உட்கார்ந்து வினாத்தாள் அடித்தாள். இரண்டு வரிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. "கத" என்று அவர் வாய் அசைவது தெரிந்தால் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். சரி, வெயில்தான் போல என்று திரும்பி வருவேன். அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி. அப்போது திறப்பேன். சில நேரம் எரிச்சலில் கதவை அறைந்தும் சாத்தியிருக்கிறேன். அறை முகட்டில் சுற்றிய காற்றாடி வேறு கடகடத்தது என்று அதையும் நிறுத்தி வைத்தேன். படுக்கையில் கிடந்த மனிதன் வியர்த்தார். எல்லாம் அவர் சொல்வது எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கடைசியில் காரைதீவிலிருந்து ஒரு றேடியோ திருத்துகிறவரை வரச் சொன்னேன். நாளைக்கு வாறன் என்று அவர் சொல்லிச் சொல்லிக் கழித்தது மூன்று கிழமை. அந்த மனிதனையும் ஏசி முடித்து ஓய்ந்திருந்த ஒரு காலையில் சைக்கிளில் வந்து இறங்கினார். அதிகம் கதைக்காதவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார், கட்டிலில் கிடந்த வாப்பாவையும் பார்த்தார். பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பெட்டியின் ஒவ்வொரு பாகத்திலும் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்துக் கேட்டார், டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற மாதிரி.

"மூண்டும் மூண்டு மாதிரிக் கத்துது தங்கச்சி" என்றார். "ஒவ்வொண்டா அடக்குவம்."

என் பட்டியலை அவரிடம் கொடுத்தேன். அதை வாசித்து, சரி என்று தலையாட்டிய முதல் ஆள் அவர்தான். வேகமான சில்லைக் கழற்றிக் கொண்டுபோய் ஹாஜியாரிடம் கொடுத்து, பழைய சில்லும் அலுமினியக் கட்டியும் மாற்றி எடுத்து வந்தார். இதனால் ஹாஜியாருக்கு லாபம், அதனால் அவரும் மறுக்கவில்லை. பெட்டிக் காற்றாடியின் வயரை இடம் மாற்றிப் பிடித்து, பன்னிரண்டு வோல்ட் போன இடத்தில் ஏழு போகச் செய்தார். அது பாதி வேகத்துக்கு இறங்கியது. சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி, டிஸ்க்கை இரும்பில் முட்டாமல் ரப்பரில் தொங்கவிட்டார். பெட்டிக்கடியில் நாலாக மடித்த சாக்கைப் போட்டார். சுவிட்சைப் போட்டபோது ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தேன். சின்னப் பச்சை விளக்கு மட்டும்தான் எரிந்தது.

சைக்கிளை எடுக்கப் போனவர் திரும்பி வந்தார். பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து வாசல் கதவின் பிணைச்சலுக்கு இரண்டு சொட்டு, தாழ்ப்பாளுக்கு ஒரு சொட்டு விட்டார். "இந்த அறைக்குள்ள ஆகக் கூடின சத்தம் இதுதான்" என்றார். நான் சிரித்தேன்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மேசையில் உட்கார்ந்தேன். அந்த அறை அப்படி அமைதியாக இருந்ததை நான் அதுவரை கண்டதில்லை. கூரையில் காகம் நடப்பது கேட்டது. இரண்டு தெரு தாண்டிக் கடல் கேட்டது. பின்னால் வாப்பாவின் மூச்சு தெளிவாகக் கேட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஹாஜியாரையும் காக்காவையும் கூப்பிட்டு இதைக் காட்ட வேண்டும் என்று மனம் துடித்தது.

"கத" என்றார் வாப்பா.

எழும்பினேன். கதவு திறந்திருந்தது. சாத்துவதற்காகப் பிடித்துத் தள்ளினேன். எண்ணெய் போட்ட கதவு சத்தமில்லாமல் நகர்ந்தது. அந்தச் சத்தமில்லாத இடத்துக்குள் மிச்சம் வந்து விழுந்தது.

"புள்ள… சும்மா… கத."

கதவில் கை இருந்தபடியே நின்றேன். எங்கள் வாயில் கதை என்ற சொல்லே கத என்றுதான் வரும். பேசு என்று சொல்ல எங்களுக்கு வேறு சொல்லும் கிடையாது. அவர் சொல் முழுச் சொல். அதில் ஒரு எழுத்தும் குறைந்திருக்கவில்லை. முதல் எழுத்து காதில் விழுந்ததும் நான்தான் கதிரையை இழுத்துக்கொண்டு எழும்பி, தாழ்ப்பாளைப் போட்டு, மிச்சத்தை அடித்து மூடியிருக்கிறேன். நாலு மாதமாக ஒரு மனிதன் என்னோடு கொஞ்சம் கதை என்று கெஞ்சியிருக்கிறார். நாலு மாதமாக நான் அவருக்குக் கதவைச் சாத்தியிருக்கிறேன். பதில் சொல்லாத மனிதனோடு உட்காரப் பொறுமையில்லாதவர்கள் என்று ஊரை ஏசினேனே, அவர்களாவது எழும்பித் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் அதே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் ஆறவில்லை.

கொம்பியூட்டரை நிறுத்தினேன். நிறுத்தியதும் நிறுத்தாததும் ஒரே மாதிரித்தான் இருந்தது. மேலே காற்றாடியைப் போட்டேன், அது கடகடவென்று சுற்றத் தொடங்கியது. கதிரையைத் தூக்கிக் கட்டிலோரம் போட்டு, அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். என்ன கதைப்பதென்று தெரியவில்லை. தண்ணி வேணுமா, வலிக்கிதா, இரண்டையும் தவிர நாலு மாதமாக அவரோடு நான் எதுவும் கதைத்ததில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா" என்றேன். "அந்தப் பம்புக்கட ஹாஜியாரு இரிக்காரெல்லுவா, நான் சத்தமில்லாத மெஷின் கேட்டதுக்கு அவரு என்ன செஞ்சாரு தெரியுமா?"

வாப்பாவின் வாயில் நல்லாயிருந்த பாதி, அந்த நாலு மாதத்தில் முதல் தடவையாக, சிரிப்பதற்கு ஆயத்தமானது.